அத்தை தொடாத பிள்ளை

ஒரு நாள் லவீனியா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தைக்கு எங்கள் தீவு இன்னும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது.

நாத்தனார் லெசியேலி வந்து வாசலில் உட்கார்ந்து, "உன் கடைசிப் பையன எனக்குக் குடு, நான் வளத்துக்கறேன்" என்று கேட்டாள். கேட்டாள் என்று நான் எழுதுவதுகூட மரியாதைக்குத்தான். டோங்காவில் அத்தை கேட்பதில்லை, எடுத்துக்கொண்டு போவாள். தம்பி வீட்டில் அவளுக்குப் பிடித்த பாய், பிடித்த பன்றி, பிடித்த பிள்ளை, எதுவானாலும் சரி. கொடுக்கிற தம்பி வாயைத் திறக்கக் கூடாது. தம்பி மனாசே திறக்கவில்லை. திறந்தது அவன் பெண்டாட்டி லவீனியா.

"முடியாது அண்ணி. இவனத் தரமாட்டேன்."

லெசியேலி சீவி வைத்த இளநீரைக் குடிக்காமல் எழுந்து போனாள். புருஷன் செத்து, பிள்ளை இல்லாமல், ஒரு வீட்டையும் ஒரு மோட்டார் படகையும் கட்டிக்கொண்டு தனியாக வாழ்கிறவள். அந்தக் கடைசிப் பையன் லோபேத்தியைப் பிறந்ததிலிருந்து இடுப்பைவிட்டு இறக்காதவள். அன்றிலிருந்து அவன் பக்கம் திரும்பவில்லை. வழியில் அவனே "அத்தை" என்று ஓடி வந்தபோதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

அடுத்து வந்த வியாழக்கிழமை லோபேத்தி நொண்ட ஆரம்பித்தான்.

தண்ணீர்த் தொட்டி பக்கம் நாலு பெண்கள் கூடினால் பேச்சு எப்படிப் போகும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

"அத்த மனசு நொந்தா புள்ள காலு நிக்குமா?"

"பெத்தவளுக்கு வாய் நீளம். அவ வாய்க்குப் புள்ள படுது."

லவீனியா அதைக் கேட்டுக்கொண்டேதான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை விடிந்தது. மறுநாள் குழந்தைகள் ஞாயிறு. சர்ச்சில் பிள்ளைகள்தான் அன்று பெரிய மனிதர்கள். நாலு வயது லோபேத்திக்கும் எழுந்து நின்று சொல்ல ஒரு வரி கொடுத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டையும், மரியாதைக்காக இடுப்பில் சுற்றிக் கட்ட ஒரு குட்டிப் பாயும் மடித்துத் தயாராக இருந்தன.

"எழுந்திருடா ராசா. வெளியில போயிட்டு வந்து பால் குடி."

"மாட்டேன்."

"ஒரு நாளும் இல்லாத திருநாளா இது என்ன புது வம்பு?"

தூக்கித் தரையில் நிறுத்தினாள். இடது கால் மட்டும் தரையைத் தொட்டது. வலது கால் முட்டி மடங்கி அந்தரத்தில் நின்றது. அவள் கையை லேசாகத் தளர்த்தியதும் பையன் போட்ட அலறலில் வாசலில் கிளறிக்கொண்டிருந்த பன்றிகள் சிதறி ஓடின. உடம்பு அடுப்புக் கல்லாகச் சுட்டது.

"எங்கடா வலிக்குது?"

"முட்டி."

வியாழக்கிழமையும் முட்டி என்றுதான் சொன்னான். நர்ஸ் எலீசி முட்டியை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள், வீக்கம் இல்லை என்றாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கிறவளும் முட்டியைத்தான் தேய்த்தாள். இலையை மென்று துப்பி, கதறக் கதறத் தேய்த்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது வேறு யாருமில்லை, லவீனியாதான். அன்று ராத்திரிதான் காய்ச்சல் வந்தது.

பன்றிக்குத் தேங்காய் உடைத்துப் போட்டுவிட்டு மனாசே உள்ளே வந்தான்.

"என்னங்க, கால ஊனவே மாட்டேங்கறான். காய்ச்சல் வேற கொளுத்துது. உடனே நெய்யாஃபு ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"எலீசி ஒண்ணுமில்லன்னுதான சொன்னா?"

"ஒண்ணுமில்ல, ஆனா காய்ச்சல் வந்தாலோ, கால ஊன மாட்டேன்னாலோ நிமிஷம் நிக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன்னா. பாதிய மட்டும் காதுல வாங்கிக்கிட்டு மீதிய எங்க விட்டீங்க?"

"கத்தாத. படகு அக்காவோடது. ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. கேட்டுட்டு, யோசிச்சுட்டு, திங்கக்கெழம போவீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள், எங்கள் நாட்டில் மீன்கூட யோசித்துத்தான் நீந்தும். படகு எடுப்பது என்ற பேச்சே கிடையாது. அது மனாசேக்கும் தெரியும். தெரிந்தும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

மனாசே நல்லவன். அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான், யார் மனதும் நோகப் பேச மாட்டான். நல்லவன் என்று எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. யார் மனதும் நோகாமல் வாழ்கிறவன், நோவை எல்லாம் வீட்டில் இருக்கிறவளுக்கு மிச்சம் வைத்துவிட்டுத்தான் வாழ்கிறான்.

கேட்கப் போகவேண்டிய வேலை அவனுக்கு வரவில்லை. லெசியேலியே வந்தாள். வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வாசலில் நின்றாள். அக்காவைக் கண்டதும் மனாசே பின்பக்கமாக இறங்கிப் போய் மரத்தடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அக்காள் இருக்கிற இடத்தில் தம்பி உட்காரக் கூடாது, எதிரில் நின்று பேசவும் கூடாது.

"லவீனியா, உன் புருஷன்கிட்ட சொல்லு" என்றாள் லெசியேலி. புருஷன் கூப்பிடு தூரத்தில்தான் நின்றான், ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு. "ராத்திரி சேமிசி என் கனவுல வந்தான். கால் வலிக்குதக்கான்னு அழுதான்."

சேமிசி அவளுடைய பெரிய தம்பி, மனாசேயின் அண்ணன். தென்னையிலிருந்து விழுந்து, வலது தொடை முறிந்து, அதிலேயே போய்ச் சேர்ந்தவன்.

"உன் புள்ளைக்கு எந்தக் கால்?"

"வலது கால்தான் அண்ணி. ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா? குழியில அவன் எலும்ப ஏதோ குத்துது. அங்க குத்தறதுதான் இங்க வலிக்குது. குழியத் தொறந்து பாக்கணும். நாளைக்கு ஆவாது. இன்னிக்கே."

"தொறங்க அண்ணி. நான் வேணாங்கல. அதுக்கு முன்னாடி ஒரு தடவ உள்ள வந்து இவனத் தொட்டுப் பாருங்க. உடம்பு கொதிக்குது."

"என் கை படக்கூடாதுன்னு சொன்னவளே இப்பத் தொடுங்கறியா?"

"நான் அப்படிச் சொல்லல."

"தரமாட்டேன்னா வேற என்ன அர்த்தமாம்? நான் என்ன ஊரான் புள்ளையக் கேட்டனா?"

லெசியேலியின் கண் வாசல் தாண்டி உள்ளே பாயில் கிடந்த பையனிடம் ஒரு முறை போயிற்று. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் அவளை அறிவேன். இருந்தும் போகவில்லை.

லவீனியா பையனைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடினாள். அங்கேதான் போன் எடுக்கும். நர்ஸ் எலீசி ஏதோ கூட்டம் என்று வெள்ளிக்கிழமையே நெய்யாஃபுக்குப் போய்விட்டிருந்தாள்.

"கால ஊனலயா? காய்ச்சலுமா?" எலீசியின் குரல் விட்டுவிட்டு வந்தது. "இன்னிக்கே கொண்டு வா. மூட்டுல சீழ் புடிச்சிருந்தா ஒவ்வொரு மணி நேரமும் எலும்ப அரிக்கும்."

"முட்டி வீங்கவே இல்லயே."

"முட்டியா இருக்காது. இடுப்பு மூட்டு கெட்டாலும் புள்ளைங்க முட்டியத்தான் காட்டும். நான் அன்னிக்கு இடுப்பப் பாக்கல. என் தப்பு. நீ மொதல்ல படகு ஏறு."

அதே ஓட்டத்தில் வந்து லவீனியா அதை நாத்தனாரிடம் சொன்னாள். லெசியேலி சிரித்தாள்.

"தப்புன்னு அவளே ஒத்துக்கறா. அன்னிக்குத் தப்பாச் சொன்னவ இன்னிக்கு மட்டும் சரியாச் சொல்லிடுவாளா?"

கூட நின்றவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். தப்பை ஒத்துக்கொண்டவளை நம்பாமல், ஒரு நாளும் ஒத்துக்கொள்ளாதவளை நம்புகிற ஊர் எங்கள் ஊர்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மனாசே போனான். பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் போனான்.

கல்லறைத் தோட்டத்தில் சேமிசியின் மணல் மேட்டில் பிளாஸ்டிக் பூ வெளுத்துப் போயிருந்தது. ஜெபம் செய்துவிட்டு வெள்ளைக் கற்களை ஒன்றொன்றாக எடுத்து ஓரம் வைத்தார்கள். மனாசேயும், சித்தப்பா மகன் கெலெபியும் தோண்டினார்கள். கெலெபிதான் லெசியேலியின் படகை ஓட்டுகிறவன். லெசியேலி தலைமாட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்த மருமகளுக்கு அங்கே இடமில்லை. லவீனியா வேலிக்கு வெளியே பையனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

காய்ச்சல் மருந்து கொஞ்சம் மிச்சமிருந்ததை அவனுக்குக் கொடுத்திருந்தாள். முனகிக்கொண்டே கிடந்தான்.

"ஏதோ தட்டுப்படுது" என்றான் கெலெபி.

மனாசே கையால் மணலை விலக்கினான். பக்கத்தில் நின்ற கள்ளிமந்தாரையின் வேர் ஒன்று மணலுக்குள் இறங்கி, சேமிசியின் வலது தொடை எலும்பைச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

"அக்கா!" என்று வீரிட்டான் மனாசே. அவன் அக்காளை நேராகப் பார்த்து இப்படிக் கத்தியதை ஊர் அன்றுதான் கேட்டது.

பிறகு ஒரே அழுகை. மனாசே கத்தியால் வேரை நறுக்கி எடுத்தான். லெசியேலி குழிக்குள் இறங்கினாள். தம்பி உயிரோடு இருந்தவரைக்கும் அவன் படுக்கையைக்கூடத் தாண்டாதவள், அவன் எலும்பை எடுத்து மடியில் வைத்து வாசனை எண்ணெய் தடவினாள். "இத்தன நாளா வலியோடவா கெடந்த? அக்காகிட்ட மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று எலும்போடு பேசினாள். பார்த்தவர்கள் கண்ணில் தண்ணீர் வராமல் இருக்காது. என் கண்ணிலும் வந்தது.

அந்த நேரம் பார்த்து லோபேத்தி தூங்கிவிட்டான்.

"தூங்கிட்டான்! வேர வெட்டினதும் தூங்கிட்டான் பாரு!" என்று வேலி ஓரம் நின்ற ஒருத்தி கூவினாள்.

"மருந்து குடுத்திருக்கேன்" என்றாள் லவீனியா.

அது யார் காதிலும் விழவில்லை. அவள் காதிலேயே சரியாக விழுந்ததோ என்னவோ. அவளுக்கும் ஒரு கணம் நம்பிக்கை வந்தது. ஏன் வராது? அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். அவளும் தன் கண்ணால் அந்த வேரைப் பார்த்தாள். பிள்ளையைப் பெற்றவள் எதைத்தான் நம்பமாட்டாள்?

வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். புதுப் பாயும் மரப்பட்டைத் துணியும் வந்து, எலும்பைச் சுற்றி, சாயந்திரத்துக்குள் குழியை மூடுவதாக ஏற்பாடு. மனாசே கல்லறையிலேயே இருந்தான்.

அவள் நம்பிக்கை பையனின் துணி நனைகிற வரைக்கும்தான் தாங்கியது. மாற்றுவதற்காக வலது காலை இரண்டு விரலால் தூக்கினாள். தூக்கத்திலிருந்து எழுந்து அவன் கத்தினான்.

"தொடாதம்மா! தொடாத! தொடாத!"

கால் தவளைக் காலாக மடங்கி வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. கவட்டியில் கை வைக்க விடவில்லை. உதடு காய்ந்து, கண் சொருகிக்கொண்டு வந்தது.

அதற்குமேல் லவீனியா யாரையும் கேட்கவில்லை. பாயோடு சேர்த்து அவனைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தாள். ஓட முடியவில்லை. ஓடினால் குலுங்கும், குலுங்கினால் அலறுவான்.

கெலெபி கல்லறை மண்ணைக் கழுவிவிட்டுப் படகுக்குத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தான்.

"கெலெபி, மோட்டாரப் போடு."

"அண்ணி, அக்கா சொல்லாம நான் கயித்த அவுக்க மாட்டேன்."

"பொண்ணு பாக்கப் போறேன்னு இதே படகத் திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போனியே, அப்ப எந்த அக்காடா சொன்னா?"

"அது வேற, இது வேற."

"ஆமா, இது வேறதான். அன்னிக்கு உனக்கு அவசரம். இன்னிக்கு என் புள்ளைக்குத்தான அவசரம்!"

"என்னைத் திட்டி என்ன அண்ணி பண்றது? நான் எடுத்துட்டுப் போயி வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, குழி தொறந்து கெடக்கறப்ப கடல் தாண்டினோம், அதான்னு என் தலையிலதான் விடியும்."

இதற்குள் சேதி போய்விட்டிருந்தது. லெசியேலி வந்தாள். அவள் பின்னால் பாதி ஊர் வந்தது. அவள் கை முழங்கை வரைக்கும் எண்ணெயாக மின்னியது.

"எங்க கெளம்பிட்ட? உன் புருஷனோட அண்ணன் இன்னும் வெயில்ல கெடக்கான். எலும்ப மூடறதுக்குள்ள புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடறியா? நான் செய்யறது எதுவும் உனக்கு ஆவாதுன்னு ஊருக்குக் காட்டணுமா?"

லவீனியா வாயைத் திறந்தாள். ஒரு வாரம் முன்னால் திறந்த அதே வாய். அதில் எத்தனை வார்த்தை வந்து நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் விழுங்கினாள்.

கட்டியிருந்த தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். மணலில் காலை மடக்கி உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் பெரிய குற்றம் செய்தவர்கள் மன்னிப்புக் கேட்க வரும்போதுதான் அப்படித் தலைவிரித்து உட்காருவார்கள்.

"நான் பண்ணினது தப்பு அண்ணி. முடியாதுன்னு சொன்னது தப்பு. இவன் உங்க புள்ள. எடுத்துக்குங்க. எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பையனைப் பாயோடு தூக்கி நீட்டினாள். நீட்டின பிள்ளையை, அதுவும் பாதி ஊருக்கு எதிரில், எந்த அத்தை வேண்டாம் என்பாள்? லெசியேலி கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

வாங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். அவன் நெற்றி அவள் கழுத்தில் பட்டது. ஒரு வாரமாகத் தொடாத உடம்பு. கழுத்திலிருந்து மார்பு வரைக்கும் அந்தச் சூடு அவளுக்குள் இறங்கியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"இப்படியா கொதிக்குது? ஐயோ, இப்படியா..." அவள் குரல் உடைந்தது. "ஏன்டி, பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"காலையிலேருந்து சொல்றேன் அண்ணி" என்றாள் லவீனியா.

"கெலெபி! எதுக்குடா மரமா நிக்கற? அவுறா கயித்த!"

லவீனியாவும் ஏறிக்கொள்ள, படகு கிளம்பியது. லெசியேலி மனம் மாறிவிட்டாள், பிள்ளையைத் தாயிடம் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று நினைக்கிறீர்களா? கரையில் நின்ற நானும் அப்படித்தான் நினைத்தேன். நடந்ததை லவீனியா பிறகு எனக்குச் சொன்னாள்.

வழியெல்லாம் லெசியேலி அவனை மடியில் வைத்துக்கொண்டு, அலை அடிக்கிற பக்கம் தன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். உப்புத் தண்ணீர் அவள்மேல் கொட்டியது, பையன்மேல் ஒரு சொட்டு விழவில்லை.

"கொஞ்ச நேரம் எங்கிட்ட குடுங்க அண்ணி. கை மரத்துப் போயிடும்."

"மரக்கல."

நெய்யாஃபு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எலீசி வாசலிலேயே காத்திருந்து உள்ளே அழைத்துக்கொண்டு போய், டாக்டரைக் கூப்பிட ஓடினாள். இளவயது டாக்டர் வந்தான். பையனின் இடுப்பைத் தொட்டதுமே அவன் முகம் மாறியது.

"இவனுக்கு அம்மா யாரு?"

"நான்தான்" என்றாள் லெசியேலி.

பின்னால் நின்ற லவீனியா சுவரைப் பார்த்தாள்.

"எப்பலேருந்து நொண்டறான்?"

லெசியேலி பையனின் முகத்தைப் பார்த்தாள்.

"காய்ச்சல் எப்ப வந்துச்சு? தொண்டை வலி, சிரங்கு, ஏதாவது இருந்துச்சா? கடைசியா எப்பச் சாப்பிட்டான்?"

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரமாகப் பார்க்காத பிள்ளை.

"வியாழக்கெழம காலையிலேருந்து நொண்டறான்" என்றது பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல். "நேத்து ராத்திரி காய்ச்சல். இன்னிக்குக் காலையிலேருந்து கால ஊனல. குண்டிப் பக்கம் ஒரு சிரங்கு வந்து ஆறுச்சு. காலையில ஒரு வாய் பால் குடிச்சான். அதுக்கப்புறம் தண்ணிதான்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்க யாரு?"

டாக்டரை அனுப்பிவிட்டு எலீசி இன்னும் திரும்பவில்லை, இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். லவீனியா கொடுத்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டவள்.

"கூட வந்தவ."

"இடுப்பு மூட்டுக்குள்ள சீழ். தொறந்து கழுவணும், இப்பவே" என்று லெசியேலி பக்கம் திரும்பினான் டாக்டர். "இன்னிக்குக் காலையில கொண்டாந்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா. ஏன் கொண்டாரல?"

அம்மா என்று சொன்னவளுக்குத்தானே அந்தக் கேள்வியும்.

பையனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். லவீனியாவின் போன் அடித்தது. மனாசே.

"குழிய மூடிட்டோம்" என்றான். களைத்திருந்தான், ஆனால் குரலில் ஒரு நிம்மதி. "எல்லாம் முறையா நடந்துச்சு. புதுப் பாய் சுத்தி, நல்லபடியா. இப்ப அவனுக்கு வலி கொறஞ்சிருக்கணுமே?"

"வலி தெரியாமத்தான் கெடக்கான். மயக்க ஊசி போட்டு அறுத்துக்கிட்டிருக்காங்க."

"அக்கா... அக்கா என்ன சொல்றாங்க?"

"உங்க அக்காவுக்கு என்ன கொற? அவங்க புள்ளைக்கு அவங்க பக்கத்துல இருக்காங்க."

"யாரு புள்ளைக்கு?"

"குடுத்துட்டேங்க. போன வாரம் நீங்க வாயத் தொறக்காமக் குடுத்தீங்க. இன்னிக்கு நான் வாயத் தொறந்து குடுத்தேன். படகுக்கு அது ஒண்ணுதான் வழின்னு தோணுச்சு."

"லவீனியா, நான்..."

"ஆமா, நீங்க எங்க இருந்தீங்க?"

போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோபம்கூட வரவில்லை. மனாசேமேல் கோபப்படுவதற்கும் அவன் கொஞ்சம் எதிரில் வந்து நிற்க வேண்டுமே.

டாக்டர் வெளியே வந்தபோது முன்னால் ஓடியது யார் என்று சொல்ல முடியாது, இரண்டு பேருமே ஓடினார்கள்.

"சீழ் நெறைய இருந்துச்சு. கழுவி விட்டாச்சு. உயிருக்குப் பயமில்லன்னு நெனைக்கறேன்."

"கால்?"

"எலும்போட தல எவ்வளவு கெட்டிருக்குன்னு இப்பச் சொல்ல முடியாது. அவன் வளர வளரத்தான் தெரியும்."

"நடப்பானா?" இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்டன.

"நடப்பான். எப்படி நடப்பான்னுதான் தெரியல."

லெசியேலி சுவரைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய்க் கை சுவரில் அப்படியே பதிந்தது. அவள் மனதில் அப்போது என்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். காலையில் வாசல்படி ஒன்றைத் தாண்டி உள்ளே போயிருந்தால், நெற்றியில் ஒரு கை வைத்திருந்தால். இனி அவன் நடக்கிற ஒவ்வொரு அடியையும் அவள் பார்த்தாக வேண்டும். ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய பிள்ளை.

வார்டு நர்ஸ் வந்தாள். "கண்ணு முழிச்சிட்டு வர்றான். ஒருத்தர்தான் உள்ள இருக்கலாம். அம்மா மட்டும் வாங்க."

லெசியேலி நிமிர்ந்து, ஈரப் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். லவீனியா எழுந்து நின்றாள்.

"அண்ணி."

லெசியேலி திரும்பவில்லை, ஆனால் நின்றாள்.

"தண்ணி கேப்பான். ஒரேயடியாக் குடுக்காதீங்க, வாந்தி எடுப்பான். காதைத் தடவிக் குடுத்தா தூங்கிடுவான்."

"தெரியும்" என்றாள் லெசியேலி.

கதவு மூடிக்கொண்டது. லவீனியா மறுபடி உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து முனகல் கேட்டது. பிறகு மயக்கத்தில் குழறின குரல்.

"அம்மா..."

"இதோ இருக்கேன்டா கண்ணு" என்றது லெசியேலியின் குரல். அத்தனை கனிவாக அவள் பேசி லவீனியா கேட்டதில்லை.

"நீ இல்ல. அம்மா."

"நான்தான்டா. அத்த இருக்கேன்ல? தூங்கு."

"நீ இல்ல! நீ என்னத் தொட மாட்ட! அம்மா! அம்மா!"

லவீனியா இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். எழுந்தால் கொடுத்த வார்த்தை போச்சு. எழாவிட்டால் அவள் என்ன பிறவி?

கதவு திறந்தது. நர்ஸ் வரவில்லை. லெசியேலிதான் வந்து நின்றாள், வாசலை அடைத்துக்கொண்டு, கண்ணெல்லாம் தண்ணீராக. லவீனியாவைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. வழியும் விடவில்லை.

அவளுக்குப் பின்னால் பையன் கத்திக்கொண்டே இருந்தான்.